பரம்பரைப் பாக்கெட் கடிகாரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ 1880க்கும் 1940க்கும் இடையில் தமிழ்க் குடும்பங்களுக்குள் வந்து சேர்ந்து, இன்று பீரோக்களிலும் வங்கி லாக்கர்களிலும் ஓடாமல் கிடக்கும் பாக்கெட் கடிகாரங்களைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒரு கடிகாரம் தான் எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலும் தானே சொல்லிவிடும். யாருடைய சட்டைப்பையில் இருந்தது, யார் கொடுத்து யார் வாங்கினார்கள் என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். முதல் வகைச் செய்தி நூறு ஆண்டு கழித்தும் கிடைக்கும். இரண்டாம் வகை, வீட்டில் உள்ள வயதானவர்களோடு போய்விடும்.

தாத்தாவின் பாக்கெட் கடிகாரம் என் கைக்கு வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

சாவி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும், துணியால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையையும் முதலில் அடக்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் உங்களிடம் வந்த நிலையிலேயே முன்புறம், பின்புறம், பக்கவாட்டு, சங்கிலி, கூட வந்த டப்பா, டப்பாவுக்குள் இருக்கும் துண்டுக் காகிதம் என ஒன்றுவிடாமல் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு தாளில், இது யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்ததாகச் சொன்னார், அதை எந்தத் தேதியில் சொன்னார் என்பதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி உங்கள் கையெழுத்தை இடுங்கள். கடிகாரத்தைப் பழுதுபார்க்க அடுத்த ஆண்டும் ஆள் கிடைப்பார். அத்தையிடம் கேட்க அடுத்த ஆண்டு வாய்ப்பிருக்கும் என்று சொல்ல முடியாது.

பின்மூடியை எப்படித் திறப்பது? உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

மூடிகள் மூன்று வகைப்படும். கீல் வைத்த மூடியின் விளிம்பில், கீலுக்கு எதிர்ப்புறத்தில், நகம் நுழையும் அளவுக்குச் சிறிய உதடு போன்ற மேடு இருக்கும். அழுத்தி மூடும் வகையிலும் அதே போன்ற மேட்டைத் தேட வேண்டும். மூன்றாவது வகை திருகு மூடி. அதை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும். இது எந்த வகை என்று தெளிவாகத் தெரியும்வரை கத்தி முனையை நுழைக்காதீர்கள். அப்படி நுழைத்ததால் விழுந்த கீறல் இல்லாத பழைய கடிகாரத்தைக் காண்பதே அரிது.

வெளிமூடிக்கு உள்ளே பெரும்பாலும் தூசி மூடி என்ற இரண்டாவது தகடு இருக்கும். பரிசளித்தவரின் பெயர், பெற்றவரின் பெயர், ஆண்டு ஆகியவை பொறிக்கப்படும் இடம் வழக்கமாக இதுதான். அதையும் திறந்தால் இயந்திரம் தெரியும். அதன் மேல் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸில், அதாவது கடிகாரத்தின் வெளிக்கூட்டில், உள்ள எண் வேறு, இயந்திரத்தில் உள்ள எண் வேறு என்பதால் எது எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது, வெளிமூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் கீறியதைப் போன்ற மெல்லிய எழுத்துகளையும் எண்களையும்தான். விளக்கொளியைச் சாய்வாகப் பிடித்து பூதக்கண்ணாடியால் பார்த்தால் மட்டுமே அவை தெரியும். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் பழுதுபார்த்தவர் தம் கடைக் கணக்குக்காகப் போட்டுக்கொண்ட குறிகள் அவை. சிலர் மாதத்தையும் ஆண்டையும் கீறி வைப்பார்கள். இப்படி நான்கைந்து குறிகள் இருந்தால், அந்தக் கடிகாரத்தை யாரோ பல ஆண்டுகள் நாள்தோறும் பயன்படுத்தி, காசு செலவழித்துப் பராமரித்தார்கள் என்று பொருள். குறி ஒன்றுகூட இல்லாத, புத்தம் புதிதாக மின்னும் கடிகாரம் பெரும்பாலும் பரிசாக வந்து பெட்டியிலேயே தூங்கியதாக இருக்கும். வெள்ளியைப் பாலிஷ் போடக் கொடுத்தால் முதலில் அழிவது இந்தக் கீறல்கள்தான்.

டயலில் பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் என்று இருக்கிறது. அப்படியானால் இது சென்னையில் செய்யப்பட்டதா?

இல்லை. டயலில் இருப்பது பெரும்பாலும் விற்றவரின் பெயர். மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டுடன் நின்ற பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி போன்ற நிறுவனங்கள் இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் செய்யப்பட்ட இயந்திரங்களைத் தம் பெயரை டயலில் எழுதச்சொல்லி வரவழைத்து விற்றன. 1886இல் தொடங்கி பம்பாயையும் கல்கத்தாவையும் மையமாகக் கொண்டு விற்ற வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் கடிகாரங்களும் சுவிஸ் இயந்திரங்களே. அவற்றுள் சில லாஞ்சின்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை.

விற்றவரின் பெயர் குடும்ப வரலாற்றுக்குச் செய்தவரின் பெயரைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. சுவிட்சர்லாந்தில் எந்த ஊரில் செய்தார்கள் என்பது உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எதுவும் சொல்லாது. மெட்ராஸில் வாங்கப்பட்டதா, ரங்கூனிலா, கொழும்பிலா, சிங்கப்பூரிலா என்பது நிறையச் சொல்லும்.

முத்திரைகளை வைத்து வயதைக் கணக்கிடுவது எப்படி?

வெள்ளிக் கேஸில் நடந்துசெல்லும் சிங்கத்தின் முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அதன் அருகில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தை முகம் இருந்தால் லண்டன், மூன்று கோதுமைக் கட்டுகளும் ஒரு வாளும் இருந்தால் செஸ்டர். இவற்றோடு ஒரு தனி எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து ஆண்டுதோறும் மாறும். ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி தொடங்குவார்கள். ஆகவே எழுத்தை மட்டும் பார்க்காமல், ஊர், எழுத்தின் பாணி, கேடயம் மூன்றையும் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆண்டு பிடிபட்டுவிடும்.

சுவிஸ் கேஸ்களில் விலங்குகள் வேறு. காட்டுக்கோழி இருந்தால் ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி, நிற்கும் கரடி இருந்தால் 875 பங்கு. தங்கத்தில் அணிலும், ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலையும் வரும். முதலாவது 14 காரட், இரண்டாவது 18 காரட்.

இந்த இரண்டு வகை முத்திரைகளையும் இணைத்துப் பார்த்தால் இன்னொரு தகவல் கிடைக்கும். 1907 ஜூன் மாதம் முதல், பிரிட்டனுக்குள் இறக்குமதியாகும் வெளிநாட்டுக் கடிகாரக் கேஸ்களும் அங்கே சோதிக்கப்பட்டு இறக்குமதி முத்திரை பெற வேண்டும் என்பது சட்டமானது. சுவிஸ் கடிகாரம் நேராக பம்பாய்க்கோ மெட்ராஸுக்கோ கப்பலேறியிருந்தால் அதில் அந்த முத்திரைக்கு வேலையில்லை. எனவே, உங்கள் வீட்டு சுவிஸ் கடிகாரத்தில் பர்மிங்காமின் முக்கோண இறக்குமதி முத்திரை இருக்குமானால், அது இங்கிலாந்து வழியாக வந்தது என்று கொள்ளலாம். படிக்கப் போனவர் வாங்கி வந்திருக்கலாம், இங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர் ஒருவரின் கையிலிருந்தும் வந்திருக்கலாம்.

அமெரிக்கக் கடிகாரங்களின் கதை எளிது. வால்தம், எல்ஜின், ஹாமில்டன் ஆகிய நிறுவனங்களின் இயந்திர வரிசை எண்கள் ஆண்டுவாரியாகத் தொகுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. சுவிஸ் நிறுவனமான லாஞ்சின்ஸ், செயிண்ட் இமியே என்ற ஊரில் கையால் எழுதப்பட்ட பழைய பதிவேடுகளை இன்றும் பாதுகாத்து வருகிறது. வரிசை எண்ணை எழுதிக் கேட்டால், எப்போது யாருக்கு அனுப்பப்பட்டது என்று பார்த்துச் சொல்கிறார்கள்.

எங்கள் கடிகாரம் சுத்தத் தங்கம் என்று பாட்டி சொல்வார். மூடியில் 20 ஆண்டு உத்தரவாதம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதே?

அந்த வரி இருக்குமானால் அது தங்கம் அல்ல. மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஒட்டிய கேஸ் அது. அந்தத் தகடு தேயாமல் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையே அந்த உத்தரவாதம் குறிக்கிறது. பாட்டியிடம் இதை வாதாட வேண்டியதில்லை.

பின்மூடியில் சில எழுத்துகளும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கின்றன. அவை எதைக் குறிக்கும்?

ரயில்வே சொத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். கார்டுகளுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் கம்பெனிகள் கடிகாரம் வழங்கி, தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஒரு பதிவு எண்ணையும் மூடியில் பொறித்து வைத்தன. இந்த எழுத்துகளைக் கொண்டு காலத்தை இருபுறமும் எல்லை கட்டலாம். எம். அண்ட் எஸ்.எம். என்று இருந்தால், மெட்ராஸ் ரயில்வேயும் தென் மராட்டா ரயில்வேயும் இணைந்த 1908க்கு முன் அந்த எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்க முடியாது. எஸ்.ஐ.ஆர். என்று தென்னிந்திய ரயில்வேயைக் குறித்திருந்தால், மேற்சொன்ன கம்பெனிகளும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே உருவான 1951 ஏப்ரல் 14க்கு முந்தையது. சி.ஜி.ஆர். என்பது இலங்கை அரசாங்க ரயில்வே.

எஃப்.எம்.எஸ்.ஆர். என்ற எழுத்துகள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குத் தனிப் பொருள் உள்ளவை. 1901இல் உருவான கூட்டு மலாய் மாநில ரயில்வேயில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற ஏராளமானோர் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் பணிபுரிந்து, ஓய்வு பெற்றபின் பென்ஷனோடு ஊர் திரும்பினார்கள். அந்த வீடுகளில் "மலாயா மணிக்கூடு" ஒன்று இருப்பதில் வியப்பில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கம்பெனி எண்ணோடு கூடிய கடிகாரம், பணிக்காலத்தில் பயன்படுத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டியது. "ஊழியர்களால் அன்புடன் அளிக்கப்பட்டது" என்ற வகையில் பொறிப்புக் கொண்டது, ஓய்வின்போது பரிசாகத் தரப்பட்டது. முதல் வகை வீட்டில் இருப்பது எப்படி என்ற கேள்வியைப் பெரியவர்கள் சில நேரம் விரும்புவதில்லை. கழித்துவிடப்பட்ட கடிகாரங்களை ஊழியர்களே விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கவும் கூடும் என்பதைச் சொல்லிவிட்டால் அவர்கள் முகம் மலரும்.

இதை ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. நம்பலாமா?

தமிழ் வீடுகளில் உள்ள பாக்கெட் கடிகாரங்களில் பாதியையாவது துரைமார்கள் கொடுத்ததாகவே கேள்விப்படுகிறோம். எல்லாத் துரைகளும் அவ்வளவு தாராளமாக இருந்திருக்க முடியாது. அதற்காகக் கதையைத் தூக்கி எறிவதும் சரியல்ல; கதையை ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டு, கடிகாரத்தை இன்னொரு சாட்சியாக வைத்து விசாரிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தாசில்தாராக இருந்த கொள்ளுத்தாத்தாவுக்கு 1898இல் கலெக்டர் கொடுத்தது என்பது கதை. கேஸில் உள்ள பர்மிங்காம் எழுத்தோ 1911ஐக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதை பொய் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கொடுத்தது 1911க்குப் பிறகாக இருந்து, ஆண்டு மட்டும் வாய்மொழியில் பின்னோக்கி நகர்ந்திருக்கலாம். கலெக்டர் கொடுத்தது தொலைந்து, அதற்கு ஈடாகச் சொந்தக் காசில் வாங்கியது இதுவாக இருக்கலாம். கொள்ளுத்தாத்தாவுக்கு அல்லாமல் அவருடைய மகனுக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். பணிப் பதிவேடு, ஓய்வூதியக் காகிதம், உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், அடகுச் சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். குறிப்பாகப் பாகப்பிரிவினைப் பத்திரங்களின் அசையும் சொத்துப் பட்டியலில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே "வெள்ளிக் கடிகாரம் 1" என்று ஒரு வரி கிடைத்தால், பத்துப் பேர் சொன்ன கதையைவிட அது கனமானது.

முதியவர்களைக் கேட்கும்போது "இது யாருடையது?" என்று கேட்டால் ஏற்கெனவே உருட்டிப் பழகிய கதைதான் வரும். "காலையில் இதற்குச் சாவி கொடுத்தது யார்? எந்த ஆணியில் தொங்கியது? குழந்தைகளைத் தொட விடுவார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அண்ணன் தம்பி இருவரையும் தனித்தனியே கேளுங்கள். இருவர் சொல்வதும் மாறுபட்டால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், சொன்னவர் பெயரோடு இரண்டையும் எழுதி வையுங்கள்.

பழைய ஸ்டுடியோ போட்டோவில் தாத்தாவின் கோட்டில் சங்கிலி தெரிகிறது. அது இந்தக் கடிகாரத்தின் சங்கிலிதானா?

இருக்கலாம், ஆனால் ஸ்டுடியோக்காரரிடமிருந்து அன்றைக்கு மட்டும் இரவலாக வாங்கி அணிந்த கோட்டும் சங்கிலியுமாகவும் இருக்கலாம். வேறு இடத்தில், வேறு ஆண்டில் எடுத்த படத்திலும் அதே சங்கிலி தெரிந்தால் நம்பலாம். சங்கிலி இன்று வீட்டில் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது: தங்கச் சங்கிலிகள் ஏதோவொரு கல்யாணத்தின்போது உருக்கப்பட்டு நகையாகிவிடுவது வழக்கம். தங்கக் கேஸ்களுக்கும் அதே கதிதான். இயந்திரத்தையும் டயலையும் மட்டும் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த டப்பாவை எறிந்துவிடாதீர்கள், வரிசை எண் அதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இதை எந்த நேரத்துக்குச் சரிசெய்து வைத்தார்கள்?

1906 ஜனவரி 1ஆம் தேதிதான் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்வேக்கள் மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தின் நேரத்தைப் பின்பற்றின. அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் என்பதால், ரயில்வே நேரத்தை வைத்திருந்தவர்கள் அந்தப் புத்தாண்டில் முள்ளை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளியிருப்பார்கள். உங்கள் கடிகாரம் 1906க்கு முந்தையது என்றால், ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்து இதையும் அப்படி நகர்த்தியிருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

ஓட வைக்கலாமா? அதிகமாகச் சாவி கொடுத்ததால் கெட்டுப்போனது என்கிறார்களே?

முழுவதும் சாவி கொடுத்தும் ஓடவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் உறைந்துபோன எண்ணெய். அதிகச் சாவியின் மேல் பழி போடுவது தலைமுறை தலைமுறையாக வரும் தவறான நம்பிக்கை. பெரும்பாலான பாக்கெட் கடிகாரங்களில் இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்கிறது. எண்ணெய் வற்றிய நிலையில் அத்தனை துடிப்பும் உலோகத்தைத் தேய்க்கும். ஆகவே சர்வீஸ் செய்யாமல் ஓட விடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

நேரத்தை மாற்றும் முறையும் கடிகாரத்துக்குக் கடிகாரம் வேறுபடும். சிலவற்றில் சாவி கொடுக்கும் குமிழை வெளியே இழுக்க வேண்டும். சில சுவிஸ் கடிகாரங்களில் குமிழுக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை நகத்தால் அழுத்திக்கொண்டே குமிழைத் திருப்ப வேண்டும். அமெரிக்க ரயில்வே கடிகாரங்களில் கண்ணாடி வளையத்தைத் திறந்து, டயலின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிறு நெம்புகோலை இழுக்க வேண்டும். எது என்று தெரியாமல் குமிழைப் பலமாக இழுத்து உடைத்தவர்கள் பலர். முன்மூடி உள்ள கடிகாரத்தை மூடும்போது குமிழை அழுத்திக்கொண்டு மெதுவாக மூடுங்கள். 'டப்' என்று மூடினால் கொக்கி தேய்ந்து, பிறகு மூடி நிற்காது.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, டயலுக்கு மறுபடி வண்ணம் அடிக்க வேண்டாம், கேஸைப் பாலிஷ் போட வேண்டாம், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் எழுதியே கொடுங்கள்.

எண்களில் பச்சையும் பழுப்புமாக ஒரு பூச்சு இருக்கிறது. ஆபத்தா?

முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி பல ஆண்டுகள், இருட்டில் ஒளிர்வதற்காக டயல்களில் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். ஒளிரும் பொருள் செத்துப்போயிருந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கும்; அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைக் கழற்றாதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பழுதுபார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது கடமை.

விற்றால் என்ன விலை கிடைக்கும்?

பெரும்பாலோர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஜார்ஜஸ் ஃபிரடெரிக் ராஸ்கோஃப் 1867இல் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய மலிவுக் கடிகாரமும் அதைப் பின்பற்றியவையும் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. பழமை மட்டுமே அவற்றுக்கு விலை ஏற்றாது. வெள்ளிக் கேஸை நகைக்கடையில் எடைபோட்டுத்தான் விலை சொல்வார்கள். விலையை உயர்த்துவது அரிய இயந்திரம், கெடாத எனாமல் டயல், ஆதாரத்தோடு கூடிய உரிமையாளர் வரலாறு ஆகியவையே. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் காந்தியின் ஜெனித் பாக்கெட் கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும் செருப்பும் உணவுத் தட்டும் கிண்ணமும் சேர்ந்து 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின; விஜய் மல்லையா வாங்கினார். அதே வகை ஜெனித் கடிகாரம் வேறொருவருடையதாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லண்டன் என்றும் விக்டோரியா என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏதோவோர் ஆண்டையும் பெரிதாகப் பொறித்து, உள்ளே பேட்டரி இயந்திரம் வைத்த பித்தளைக் கடிகாரங்கள் சுற்றுலா ஊர்களில் குவிந்து கிடக்கின்றன. அவை அலங்காரப் பொருள்கள் மட்டுமே.

கடிகாரம் ஒன்று, வாரிசுகள் மூவர். யார் வைத்துக்கொள்வது?

ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றிவிடும் ஏற்பாடு கடிகாரத்துக்கு நல்லதல்ல. ஒவ்வொரு பயணத்திலும் விழும் அபாயம் உண்டு, யாரும் பொறுப்பேற்று சர்வீஸ் செய்யவும் மாட்டார்கள். ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். படங்கள், முத்திரை விவரம், வரிசை எண், பெரியவர்கள் சொன்னவை அனைத்தையும் கொண்ட குறிப்பேட்டின் நகல் மூவரிடமும் இருக்கட்டும். கடிகாரம் களவுபோனாலும் குறிப்பேடு இருந்தால் போலீஸில் புகார் எழுத எண்ணாவது இருக்கும். கடற்கரை ஊர்களில் வைத்திருப்பவர் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். இரும்புப் பாகங்களில் துரு ஏறிவிட்டால் மீட்பது கடினம்.

வெளிநாட்டில் குடியேறிய மகளுக்கு இதைக் கொடுத்தனுப்பலாமா?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய கைவினைப் பொருள்களும் வரலாற்று மதிப்புள்ள பொருள்களும் தொல்பொருளாகக் கருதப்படக்கூடும். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே 1920களுக்கு முந்தைய கடிகாரம் என்றால், பயணத்துக்குப் போதிய காலம் முன்பே இந்தியத் தொல்லியல் துறையின் வட்டார அலுவலகத்தை அணுகி, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்யப்பட்ட ஆண்டை முத்திரைகளின் மூலம் நீங்கள் முன்கூட்டியே கண்டறிந்து, படங்களோடு எடுத்துச் சென்றால் அங்கே வேலை விரைவாக முடியும்.